நொண்டும் காலும் நோகும் மனசும்

வீட்டு விலங்குகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில் எழுதும் பகுதி இது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: ஓடி விளையாடும்போது நாய்க்குப் பட்ட சின்ன அடி, அதனால் வீட்டில் இருப்பவர்களுக்கு வந்த பெரிய கவலை. அதனால் இந்த இதழை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எங்கள் வீராவுக்கு மூன்று வயது. பந்து என்றால் அவனுக்கு உயிர். போன வாரம் ஒரு மாலையில் நான் எறிந்த பந்தை எட்டிப் பிடித்துச் சட்டென்று திரும்பும்போது வீலென்று கத்தினான். வலது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். கொஞ்ச நேரத்தில் காலை ஊன்றினான், ஆனால் வீடு வரும்வரை தாங்கித் தாங்கித்தான் நடந்தான். மறுநாள் காலையிலேயே மருத்துவரிடம் காட்டினோம். மூட்டுகளையெல்லாம் அசைத்துப் பார்த்துவிட்டு, தசை இழுபட்டிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, ஐந்து நாள் வலி மருந்து, இரண்டு வாரம் ஓய்வு என்று சொல்லி அனுப்பினார். அவன் நன்றாகச் சாப்பிடுகிறான், வாலை ஆட்டுகிறான். எனக்குத்தான் முடியவில்லை. இரவில் நாலைந்து தடவை எழுந்து போய்க் காலை அமுக்கிப் பார்க்கிறேன். அந்தக் கத்தல் காதிலேயே நிற்கிறது. பந்தை எறிந்தது நான்தானே என்று நினைத்தால் அழுகை வருகிறது. என் கணவர், “நாய்க்குச் சரியாகிவிட்டது, உனக்குத்தான் வைத்தியம் பார்க்கணும்” என்கிறார். நான் என்னதான் செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, முதலில் உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. இது மிகையான பயம் இல்லை. பேசத் தெரியாத உயிர் கத்துகிறது, எங்கே வலிக்கிறது என்று அதனால் சொல்ல முடியவில்லை, பக்கத்தில் நிற்பவருக்கும் உடனே எதுவும் புரியவில்லை. அந்த நிமிடத்தை அனுபவித்த எவருக்கும் உடம்பு பதறத்தான் செய்யும். பல வருடங்களாக மருத்துவமனை மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவள் நான். அடிபட்ட நாயைவிட அதைத் தூக்கி வந்தவரின் கை அதிகமாக நடுங்குவதைத்தான் பெரும்பாலும் பார்த்திருக்கிறேன். அப்படிக் கை நடுங்கியவர்கள் யாரும் நாயை அலட்சியமாக விட்டதில்லை.

அந்தக் கத்தலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சத்தத்தின் அளவும் காயத்தின் அளவும் ஒன்றாக இருப்பதில்லை. நகம் வெட்டும்போது லேசாகப் பட்டாலே தெரு அதிரக் கத்தும் நாய்கள் உண்டு. எலும்பு முறிந்தும் முனகாமல் வந்து நிற்கும் நாய்களும் உண்டு. வீரா கத்தியது திடீர் வலிக்கும் திகைப்புக்கும் சேர்த்து. அதன் பிறகு அவன் காலை ஊன்றினானா, எவ்வளவு நேரத்தில் ஊன்றினான் என்பதுதான் மருத்துவருக்கு முக்கியம். நீங்கள் அதைக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். பதற்றத்திலும் கண் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

மூட்டுகளையெல்லாம் அசைத்துப் பார்த்தார் என்கிறீர்களே, அதில் அவர் குறிப்பாகக் கவனித்திருப்பது முழங்காலை. நாய்களுக்குப் பின்னங்கால் நொண்ட மிகப் பொதுவான காரணங்களில் ஒன்று, முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் தசைநார் நைந்து அறுவது. அது முழுதாக அறுந்திருந்தால் கீழ்க்கால் எலும்பு தொடை எலும்புக்கு அடியில் முன்பக்கமாக வழுக்கும், பழகிய கைக்கு அது தெரிந்துவிடும். இடுப்பு, கணுக்கால், ஒவ்வொரு விரல் என்று வரிசையாகத் தொட்டுப் பார்த்த பிறகுதான் ‘தசை’ என்று சொல்லியிருப்பார். எக்ஸ்ரே எடுக்கவில்லையே என்று மனசு உறுத்தலாம். தசை இழுபட்டது எக்ஸ்ரேயில் தெரியாது. இரண்டு வாரத்தில் நொண்டல் போகவில்லை என்றால் அப்போது அது அவசியம்.

“எறிந்தது நான்தானே” என்ற வரியை நான் இரண்டு முறை படித்தேன். ஓடுகிற நாய் திரும்பத்தான் செய்யும். பந்து இல்லாவிட்டால் ஒரு பறவையைப் பார்த்துத் திரும்பியிருப்பான், வாசல் மணி கேட்டுத் திரும்பியிருப்பான். நீங்கள் பந்தை எறிந்தது அவன் சந்தோஷத்துக்காக. மறுநாள் விடிந்ததும் மருத்துவரிடம் கொண்டுபோனீர்கள். உங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியதை முழுசாகச் செய்திருக்கிறீர்கள்.

சரி, இப்போது அந்த இரவுக் காவலுக்கு வருவோம். அதை இன்றோடு நிறுத்துங்கள். இழுபட்ட தசையின் நார்கள் ஒன்றோடொன்று சேர ஓய்வு வேண்டும், தூக்கம் வேண்டும். நீங்கள் போய் அமுக்கும்போது அவன் விழிக்கிறான், காலை இழுத்துக்கொள்கிறான். அவன் இழுப்பதைப் பார்த்து, “ஐயோ, இன்னும் வலிக்கிறதே” என்று நீங்கள் பயந்து, அடுத்த மணிநேரம் மறுபடி அமுக்குகிறீர்கள். தூங்கும் யாருடைய காலை அமுக்கினாலும் இழுக்கத்தான் செய்வார்கள். இதிலிருந்து உங்களுக்கு ஒரு தகவலும் கிடைக்காது, அவனுக்குத் தூக்கம்தான் கெடும்.

கவலைப்படாதீர்கள் என்று நான் எழுதினால் நீங்கள் கேட்கப்போவதில்லை. அதனால் அந்தக் கவலைக்கு ஒரு வேலையைக் கொடுத்து, வேலை நேரத்தையும் குறித்துவிடலாம்.

ஒரு நாளைக்கு மூன்று பார்வை போதும். முக்கியமானது காலையில். தூங்கி எழுந்து அவன் வைக்கும் முதல் பத்தடி எவ்வளவோ சொல்லும். இரவெல்லாம் அசையாமல் கிடந்த தசை அப்போதுதான் இறுகியிருக்கும். நடக்க நடக்க உடம்பு சூடாகி வலி மறைந்துவிடும். அதனால் அவன் எழும்போதே போனைத் தயாராக வைத்திருங்கள். பின்னால் நின்று, அவன் உங்களை விட்டுத் தள்ளிப் போவதைப் பத்து விநாடி வீடியோ எடுங்கள். தினமும் அதே இடம், அதே தரை, அதே நடை. வலிக்கிற பின்னங்கால் தரையில் படும்போது அந்தப் பக்கத்து இடுப்பு எழும்பும். முன்னங்காலாக இருந்தால் தலையைப் பார்க்க வேண்டும், வலிக்கிற கால் ஊன்றும்போது தலை மேலே தூக்கும். முன்னங்கால்கள்தான் உடம்பு எடையில் கிட்டத்தட்ட 60 சதவீதத்தைச் சுமக்கின்றன. அதனால் பின்னங்கால் வலியை ஒரு நாய் கொஞ்சம் முன்னால் சாய்ந்து நின்றே மறைத்துவிட முடியும். வெறும் கண்ணால் பார்ப்பதைவிட வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்ப்பதில் இது நன்றாகத் தெரியும். இன்றைய வீடியோவை நேற்றைய வீடியோவோடு மட்டும் ஒப்பிடுங்கள். மணிக்கு மணி ஒப்பிட்டால் எந்த மருத்துவருக்கும் ஒன்றும் தெரியாது.

இரண்டாவது பார்வை மாலையில். அவன் நிற்கும்போது பின்பக்கம் உட்கார்ந்து, இரண்டு தொடைகளையும் இரண்டு கைகளால் ஒரே சமயத்தில் பிடித்துப் பாருங்கள். சூட்டில் வித்தியாசம் இருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா, அவ்வளவுதான். அழுத்தத் தேவையில்லை. மூன்றாவது, நீங்கள் படுக்கப்போகும் முன். தூங்கும் நாயின் விலா ஒரு நிமிடத்தில் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று தூரத்தில் இருந்தே எண்ணுங்கள். முப்பதுக்குக் கீழே இருந்தால் அவன் நிம்மதியாகத் தூங்குகிறான் என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு நோட்டில் ஒரே வரி எழுதிவிட்டு விளக்கை அணையுங்கள். இதில் ஒரு பார்வையை உங்கள் கணவரிடம் ஒப்படையுங்கள், முடிந்தால் காலை வீடியோவை. அவர் பார்க்கிறார் என்ற நம்பிக்கை வந்தால் உங்களுக்கும் தூக்கம் வரும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் பயப்படாமல் இருக்க. குணமாவது நேர்கோட்டில் போகாது. மூன்றாம் நாள் நன்றாக நடப்பான், நீங்கள் மகிழ்வீர்கள், அவன் யாரோ வந்த சத்தம் கேட்டு ஓடுவான், நான்காம் நாள் காலை மறுபடி நொண்டுவான். அப்படி ஒரு நாள் பின்வாங்கினால் ஓய்வைக் கொஞ்சம் இறுக்கினால் போதும். இன்னொன்று, வலி மருந்து கொடுக்கும் நாள்களில் அவன் நன்றாக நடப்பது பாதி மருந்தின் வேலை. காயம் ஆறிவிட்டது என்று நம்பி அவிழ்த்துவிடாதீர்கள். மருந்து நின்ற பிறகு வரும் இரண்டு மூன்று காலைகள்தான் உண்மையான நிலையைக் காட்டும்.

மருத்துவரை நேரம் பார்க்காமல் அழைக்க வேண்டிய சமயங்கள் உண்டு. காலை ஊன்றவே மறுக்கிறான், பாதத்தை மடக்கி விரல்களைத் தரையில் இழுத்தபடி நடக்கிறான், வீக்கம் வேகமாகப் பெருகுகிறது, ஈறு வழக்கமான இளஞ்சிவப்பு போய் வெளிறியிருக்கிறது என்றால் காத்திருக்க வேண்டாம். வலி மருந்து சாப்பிடும்போது வாந்தி, கறுப்பான மலம், சாப்பாட்டில் வெறுப்பு என்று எது வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு அழையுங்கள். இவ்வளவு அவசரமில்லாத, ஆனால் காட்ட வேண்டிய அறிகுறி ஒன்றும் இருக்கிறது: சில வாரங்கள் கழித்தும் உட்காரும்போது அந்தக் காலை மட்டும் பக்கவாட்டில் நீட்டி உட்காருகிறான், அல்லது நிற்கும்போது விரல் நுனியை மட்டும் தொட்டபடி நிற்கிறான் என்றால் முழங்காலை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். தசைநார் பாதி நைந்திருந்தால் முதல் பரிசோதனையில் பிடிபடாமல் போவதுண்டு.

உங்கள் முகத்தைப் பற்றியும் பேச வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். 2012-இல் மிலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரிப்பன் கட்டிய ஒரு மின்விசிறியை நாய்களின் முன் ஓடவிட்டுப் பார்த்தார்கள். பழக்கமில்லாத அந்தப் பொருளைக் கண்டதும் பெரும்பாலான நாய்கள் தங்கள் வீட்டு மனிதரைத் திரும்பிப் பார்த்தன. அவர் பயந்த முகம் காட்டியபோது நாய்கள் ஒதுங்கின, மகிழ்ச்சி காட்டியபோது அருகே போயின. 2019-இல் ஸ்வீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் இன்னொன்று செய்தார்கள். நாய்களின் முடியையும் அவற்றை வளர்ப்பவர்களின் முடியையும் எடுத்து, பல மாதங்களாக அதில் படிந்திருக்கும் மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசாலை அளந்தார்கள். மனிதருடையது கூடியிருந்த வீட்டில் நாயுடையதும் கூடியிருந்தது. வீராவுக்குத் தன் காலில் நடந்தது புரியாது. அதனால் உங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளப் பார்க்கிறான். தினம் ஒரு கால் மணி நேரம் அவன் பக்கத்தில், காலைப் பார்க்காமல், ஏதாவது படித்துக்கொண்டு அல்லது காய் நறுக்கிக்கொண்டு உட்காருங்கள். அவனும் கொஞ்ச நேரத்தில் பெருமூச்சு விட்டுப் படுப்பான். அந்தப் பெருமூச்சு உங்களுக்கும் நல்லது செய்யும்.

ஓய்வு என்றால் என்ன என்று மருத்துவர் விளக்கினாரா தெரியவில்லை. வீட்டுக்குள் சும்மா விட்டுவைப்பது ஓய்வில்லை. வெளியே கழிவுக்குப் போகும்போது கூடக் குட்டைக் கயிற்றில், நடையாக மட்டும். சோபா, கட்டில், படிக்கட்டு கூடாது. வழுவழுப்பான தரையில் அவன் நடக்கும் பாதைக்கு மிதியடியோ பாயோ விரியுங்கள். மூன்று வயது நாய்க்கு இதில் வரும் பெரிய தொல்லை சலிப்பு. அதற்கு மூக்கைப் பயன்படுத்துங்கள். அவனுடைய தீனியைக் கிண்ணத்தில் போடாமல் பழைய துண்டு ஒன்றில் சுருட்டிக் கொடுங்கள், அட்டைப்பெட்டிக்குள் ஒளித்துவையுங்கள். பதினைந்து நிமிடம் மோப்பம் பிடித்த நாய் அசந்துபோய்ப் படுத்துவிடும், கால் அசையவே வேண்டியதில்லை.

கேள்வி: விளையாடும்போது எங்கள் நாயின் கால் நகம் எங்கேயோ மாட்டிப் பாதி பிய்ந்துவிட்டது. தரையெல்லாம் ரத்தம். எங்கள் அம்மாவுக்கு மயக்கமே வந்துவிட்டது. அடுத்த முறை இப்படி நடந்தால் என்ன செய்வது?

— கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, நகத்துக்குள் ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. அதனால்தான் இவ்வளவு ரத்தம், இவ்வளவு வலி. பார்ப்பதற்குப் பயங்கரமாக இருந்தாலும் ஆரோக்கியமான நாய்க்கு ஒரு நகத்திலிருந்து போகும் ரத்தத்தால் ஆபத்து வராது. அவன் நடந்து நடந்து தரையெல்லாம் பூசுவதால் நிறையத் தெரிகிறது. சுத்தமான துணியால் நகத்தை ஐந்து முதல் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் கட்டிய ரத்தம் பிரிந்து மறுபடி ஒழுகும். கைவசம் சோளமாவு இருந்தால் நகத்தின் நுனியில் வைத்து அழுத்தலாம். பத்து பதினைந்து நிமிடம் அழுத்தியும் நிற்கவில்லை என்றால் கிளம்பிவிடுங்கள்.

பாதி பிய்ந்து தொங்கும் நகத்தை வீட்டில் பிடுங்க வேண்டாம். அந்த வலிக்கு எவ்வளவு சாதுவான நாயும் கடிக்கும். மருத்துவர் மரத்துப்போகச் செய்து வெட்டிவிடுவார், நகம் மெல்ல வளர்ந்துவிடும். காலின் உட்பக்கம், தரையில் படாமல் மேலே ஒரு நகம் இருக்கிறதே, அது தேயவே தேயாது. வளைந்து வளர்ந்து புல்லிலும் துணியிலும் மாட்டுவது பெரும்பாலும் அதுதான். மற்ற நகங்களை வெட்டும்போது அதை மறந்துவிடாதீர்கள். அம்மாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அடுத்த முறை துணியை நீங்கள் பிடியுங்கள், நாயின் தலையை அவர் தடவிக்கொண்டு நாய் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

கேள்வி: நாய் நொண்டும்போது நாம் சாப்பிடும் வலி மாத்திரையில் கால்வாசி கொடுத்தால் என்ன? எடைக்குத் தகுந்த மாதிரிதானே?

— வாசகர்

பதில்: வேண்டாம் ஐயா. அரைவாசி, கால்வாசி என்ற கணக்கு இங்கே செல்லாது. ஐபுப்ரோஃபென், நாப்ராக்ஸன் இரண்டும் நாய்க்கு இரைப்பையில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலையும் ரத்தச் சிவப்பணுக்களையும் தாக்கும். நாய்களுக்கென்றே வலி மருந்துகள் இருக்கின்றன, மருத்துவர் எடை பார்த்துத் தருவார். நீங்கள் முன்பே ஒரு மனித மாத்திரை கொடுத்திருந்தால் அதை மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள். அதன் மேல் இன்னொரு வலி மருந்து சேர்ந்தால் ஆபத்து இன்னும் பெரிது. மருத்துவரைப் பார்க்கும்வரை சுளுக்கின் மேல் துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம் வைக்கலாம், நாளுக்கு இரண்டு மூன்று முறை, முதல் இரண்டு மூன்று நாளைக்கு.

கேள்வி: எங்கள் நாயும் பக்கத்து வீட்டு நாயும் நண்பர்கள். விளையாட்டாகக் கழுத்தைக் கவ்விக்கொள்ளும்போது எங்கள் நாய்க்குப் பல் பட்டுவிட்டது. ஒரு சின்ன ஓட்டைதான், ரத்தம்கூட அதிகம் இல்லை. நான் மருத்துவரிடம் போகலாம் என்றேன். வீட்டில் எல்லோரும், “நீ எதற்கெடுத்தாலும் பயப்படுவாய்” என்கிறார்கள்.

— இல்லத்தரசி, வாசகி

பதில்: நீங்கள் சொன்னதுதான் சரி, அம்மா. இன்றே போங்கள்.

விளையாட்டில் படும் அடிகளில் என்னை அதிகம் பயப்பட வைப்பது இந்தச் சின்ன ஓட்டைதான். நகம் பிய்ந்து ரத்தம் சொட்டச் சொட்ட வரும் நாயைப் பார்த்து நான் பதறுவதில்லை. நாயின் தோல் தசையோடு ஒட்டாமல் தளர்வாக இருக்கிறது. பல் உள்ளே இறங்கி, கவ்வியபடி ஒரு உதறு உதறினால், மேலே ஓட்டை பொட்டு அளவுதான் இருக்கும், அடியில் தோல் தசையை விட்டுப் பிரிந்து ஒரு பை மாதிரி ஆகியிருக்கும். பல்லில் இருந்த கிருமி அந்தப் பைக்குள் போய்விடும். மேலே ஓட்டை சீக்கிரம் மூடிக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில் உள்ளே சீழ் கட்டி, காய்ச்சல் வந்து, நாய் சுருண்டு படுத்துக்கொள்ளும். முதல் நாளே போனால் கழுவி, தேவைப்பட்டால் மருந்து கொடுத்து அனுப்பிவிடுவார்கள். தையல் போட வேண்டியிருந்தாலும் முதல் சில மணிநேரத்தில் போடுவதுதான் நன்றாகச் சேரும்.

போகும் முன் அந்த இடத்து முடியை விலக்கிவிட்டு, கொதித்து ஆறிய தண்ணீர் அரை லிட்டரில் ஒரு சிறு கரண்டி உப்பு கரைத்து, அதை ஓடவிட்டுக் கழுவுங்கள். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றை ஊற்றாதீர்கள். அவை கிருமியோடு சேர்த்து ஆறத் தொடங்கிய சதையையும் அழிக்கும். வேறு இடத்திலும் பல் பட்டிருக்கலாம், விரலால் முடியை எதிர்த்திசையில் நீவித் தேடுங்கள். இரண்டு நாய்களுக்கும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி எப்போது போட்டது என்ற விவரத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நடுவில் புகுந்து பிரிக்கும்போது உங்கள் கையில் பல் கீறியிருந்தால், அது எவ்வளவு சின்னக் கீறலாக இருந்தாலும், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நீங்களும் மருத்துவரைப் பாருங்கள்.

கண்ணில் அடிபட்டாலும் இதே அவசரம்தான். புல், முள், நகம் என்று எது பட்டாலும், நாய் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டோ தண்ணீர் வடிந்தபடியோ இருந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் கருவிழிப் புண்ணை அது ஆழமாக்கிவிடும்.

கேள்வி: எங்கள் குட்டிக்கு ஆறு மாதம், பெரிய இனம். விளையாடிய மறுநாள் நொண்டுகிறது, பிறகு சரியாகிவிடுகிறது. அடுத்த வாரம் வேறு காலில் நொண்டுகிறது. குட்டி என்றால் அப்படித்தான் என்கிறார்களே?

— வாசகர்

பதில்: ஒரு தடவை என்றால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். திரும்பத் திரும்ப வருகிறது, கால் மாறி மாறி வருகிறது என்பதால் காட்டிவிடுங்கள். வளரும் பெரிய இன நாய்களுக்கு நீண்ட எலும்புகளின் உள்ளே வீக்கம் வந்து, இப்படி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறும் நொண்டல் வருவதுண்டு. வலி தரும், ஆனால் வளர்ந்ததும் போய்விடும். முழங்கை, இடுப்பு மூட்டுகள் சரியாக அமையாததாலும் நொண்டலாம், அதைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. மருத்துவர் தொட்டும் படமெடுத்தும்தான் எது என்று பிரித்துச் சொல்ல முடியும்.

அப்புறம், குட்டிகளின் எலும்பு நுனியில் வளரும் பகுதி மென்மையாக இருக்கும். பெரிய இனங்களில் அது மூடிக் கெட்டியாக ஒன்றரை வயது வரைகூட ஆகலாம். அதுவரை உயரத்திலிருந்து குதிக்கவிடுவது, சைக்கிளுக்குப் பக்கத்தில் ஓடவிடுவது இரண்டும் வேண்டாம். தானாக ஓடி, தானாக அலுத்துப் படுக்கும் விளையாட்டு எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும்.

கேள்வி: போன வருடம் எங்கள் நாய்க்கு ஓடும்போது பாதத்தில் கண்ணாடி வெட்டிவிட்டது. ஆறுவதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்போது முழுசாகக் குணமாகிவிட்டது. ஆனால் அதன் பிறகு அவளைக் கயிற்றிலிருந்து அவிழ்க்கவே இல்லை. ஓடுவதைப் பார்த்தாலே என் நெஞ்சு படபடக்கிறது. எடை போட்டுவிட்டாள், செருப்பையெல்லாம் கடிக்கிறாள். பாவமாக இருக்கிறது, ஆனால் விடவும் பயமாக இருக்கிறது.

— ஓய்வுபெற்ற ஆசிரியை

பதில்: டீச்சர், பாதத்துக் காயம் ஆற நாளாகும் என்பது உண்மை. ஒவ்வொரு அடியிலும் உடம்பின் எடை அதன்மேல் இறங்கி வெட்டை விரிக்கிறது. கட்டு நனையாமல் பார்க்க வேண்டும், நக்காமல் பார்க்க வேண்டும், விரல் வீங்கி நகங்கள் விலகி நிற்கின்றனவா, கட்டு இறுகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் நீங்கள் பார்த்துக் குணப்படுத்தியிருக்கிறீர்கள். உங்களுக்கு வந்த பயம் அந்த உழைப்பிலிருந்து வந்தது.

ஆனால் கயிற்றிலேயே வைத்திருப்பதும் அவளுக்கு ஆபத்தில்லாத ஏற்பாடு இல்லை. எடை கூடக் கூட மூட்டுக்குச் சுமை. ஓடாத தசை மெலியும், மெலிந்த தசையால் மூட்டைத் தாங்கிப் பிடிக்க முடியாது. ஒரு நாள் அவள் தப்பித் தவறி ஓடினால் அன்றைக்கு அடிபட வாய்ப்பு அதிகம். செருப்பு கடிப்பது ஓட முடியாத ஆற்றல் வெளியே வரும் வழி. அதனால் ஓட்டத்தை அவளுக்குத் திருப்பிக் கொடுங்கள், உங்கள் நெஞ்சு தாங்கும் வேகத்தில்.

முதலில் இடம். புல்தரையோ மண்தரையோ, சுற்றுச்சுவரோ வேலியோ உள்ள இடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அவளை அவிழ்க்கும் முன் நீங்களே அதை ஒரு சுற்று நடந்து, கண்ணாடி, கம்பி, குழி இருக்கிறதா என்று பாருங்கள். இதை எப்போதும் செய்யுங்கள். பயத்தை அடக்க முயற்சி செய்வதைவிட இந்த ஒரு சுற்று நடை உங்களுக்கு அதிக தைரியம் தரும். வெயில் நேரமாக இருந்தால் புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியாவிட்டால் அவள் பாதமும் தாங்காது.

அவிழ்த்ததும் பந்தைத் தூக்கி எறிய வேண்டாம். முதல் பத்து நிமிடம் கயிற்றோடு நடை, அதில் தசை சூடாகட்டும். பிறகு பந்தைத் தரையோடு உருட்டிவிடுங்கள். உயர எறியும் பந்துக்குத்தான் நாய் அந்தரத்தில் எழும்பி, உடம்பை முறுக்கி, ஒற்றைக் காலில் இறங்குகிறது. இன்னும் நல்லது, பந்து உருண்டு நின்ற பிறகு அவளை விடுவது. ஓடுவாள், மோந்து தேடுவாள், எடுத்து வருவாள், ஆனால் சடாரென்று பிரேக் போட்டுத் திரும்ப வேண்டியிருக்காது. பந்து அவள் தொண்டைக்குள் போகாத அளவுக்குப் பெரிதாக இருக்கட்டும். குச்சியை மட்டும் எறியாதீர்கள். தரையில் குத்திட்டு நிற்கும் குச்சியின்மேல் வாயைத் திறந்தபடி ஓடி வந்து, தொண்டை கிழிந்து வரும் நாய்களைப் பார்த்த யாரும் மறுபடி ஒரு குச்சியைக் கையில் எடுக்க மாட்டார்கள்.

எப்போது நிறுத்துவது என்பதை அவளிடம் கேட்காதீர்கள். பந்துப் பைத்தியம் பிடித்த நாய் களைத்தாலும் நிறுத்தாது. களைத்த காலில்தான் சுளுக்கு வருகிறது. நாக்கு பக்கவாட்டில் அகலமாகத் தொங்க ஆரம்பித்தாலோ, திரும்பி வரும் வேகம் குறைந்தாலோ அதுவே கடைசிப் பந்து. திரும்ப வரும்போது மெதுவான நடை, வீட்டில் நான்கு பாதங்களையும் விரல் இடுக்கோடு ஒருமுறை துடைத்தபடி பார்த்துவிடுங்கள். காயம் இருந்தால் அப்போதே தெரியும், இல்லையென்றால் இரவில் எழுந்து தேட வேண்டியதில்லை.

ஒரு வருடமாக ஓடாத உடம்பு என்பதால் முதல் வாரம் உருட்டிவிடும் பந்து நாலைந்து போதும். கயிற்றை முழுசாக அவிழ்க்க மனம் வரவில்லை என்றால் எட்டுப் பத்து மீட்டர் நீளக் கயிறு கட்டித் தொடங்குங்கள். அதைக் கழுத்துப்பட்டையில் மாட்டாமல் மார்புப்பட்டையில் மாட்டுங்கள், ஓட்டத்தில் கயிறு சடக்கென்று இழுத்தால் கழுத்துக்கு அடி. மறுநாள் காலை அவள் எழுந்து வைக்கும் முதல் பத்தடி இலகுவாக இருந்தால் அடுத்த முறை இரண்டு பந்து கூட்டிக்கொள்ளலாம்.